ஆறாம் வசனத்தைத் தாண்டிய விரல்

பெயரோ ஊரோ வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 43. சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. அறுபது பேர் உள்ள ஜெபக் குழு ஒன்றை மூன்று ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் நடத்துகிறார். தினமும் காலை 5.30 மணிக்கு ஒரு வசனத்தைப் படத்தில் பதித்து அனுப்புவார். காய்ச்சலில் கிடந்த நாளில்கூடத் தவறியதில்லை. பார்க்கிறவர்களுக்கு அவர் ‘ஜெப வீராங்கனை’. உள்ளே நடப்பது வேறு என்கிறார். தனியாக முழங்கால்படியிட்டு ஜெபித்து எத்தனை மாதமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. இரவில் பிரசங்கக் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் தூங்குகிறார். காலையில் எழுந்தால் வசனப் படம் அனுப்பத்தான் நேரம் இருக்கிறது. யாராவது ஜெப விண்ணப்பம் அனுப்பினால் கைகூப்பும் சின்னத்தைப் போட்டு, ‘ஜெபித்துவிட்டேன்’ என்று பதில் எழுதிவிடுகிறார். ஜெபிப்பதில்லை.

ஒரு நாள் காலை நடந்தது அவரை உலுக்கியிருக்கிறது. 91ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். ஆறாம் வசனத்தில் கொள்ளைநோயும் சங்காரமும் வந்தன. ‘இது படத்துக்குச் சரிவராது’ என்று விரல் தானாகத் தாண்டி, தேவதூதர்கள் வரும் பதினோராம் வசனத்தில் போய் நின்றது. “நான் வேதம் வாசிக்கவில்லை, சரக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது” என்கிறார்.

அவர் கேட்பவை இவை: நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிய பின்மாற்றக்காரியாகிவிட்டேனா? இது சாத்தானின் தாக்குதலா? இழந்த அனலைத் திரும்பப் பெற 40 நாள் உபவாசம் இருக்கத் தீர்மானித்திருக்கிறேன்; சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இருந்தாலும் விசுவாசத்தோடு தொடங்கலாமா? எல்லா ஊழியத்தையும் விட்டு விலகுவதாகக் குழுவில் அறிவித்துவிடட்டுமா? ‘நீ கடவுளோடு பேசுவதைவிடக் கைப்பேசியோடு பேசுவதுதான் அதிகம்’ என்று கேலி பேசும் கணவர் வழியாகவும் எதிரி வேலை செய்கிறானோ?

கடைசிப் பக்கத்தின் அடியில் இன்னும் மூன்று வரி இருந்தது. இளம்பெண் ஒருத்தி தன் திருமண வாழ்க்கையின் சிக்கலை இவரிடம் நம்பிச் சொல்லியிருக்கிறாள். இவர் பெயரைக் குறிப்பிடாமல் அதை ஜெப விண்ணப்பமாகக் குழுவில் போட்டார். யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது சபைக்கே வருவதில்லை. “நல்லெண்ணத்தோடுதான் போட்டேன். ஆனால் எழுதும்போது மனதின் ஓரத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

நெடுங்காலமாக ஆலோசனை அறையில் உட்கார்ந்து பழகியவன் நான். ஒருவர் எழுந்து வாசற்படிவரை போய், கதவில் கைவைத்துக்கொண்டு, ‘ஆங், இன்னொன்று’ என்று திரும்பிச் சொல்வாரே, பெரும்பாலும் அதற்காகத்தான் வந்திருப்பார். உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரியும் அப்படித்தான் எனக்குப் பட்டது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் நீங்கள் முன்னால் வைத்த கேள்விகளைப் பார்ப்போம். அவற்றில் சில அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. எனக்கு அவற்றில் உடன்பாடு இல்லை.

சோதனை வருவதும் விழுவதும்

‘பின்மாற்றக்காரி’ என்ற சொல்லை உங்கள்மீது நீங்களே ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சற்றுக் கழற்றி வையுங்கள். தமிழில் ‘சோதனை’ என்ற ஒரே சொல்லால் பரீட்சையையும் சொல்கிறோம், பாவத்துக்கு இழுக்கும் இழுப்பையும் சொல்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் அப்படியே இரண்டையும் சுமக்கிறது. சோதனை வந்தாலே விழுந்துவிட்டோம் என்று நினைப்பது சபைகளில் பரவலாக இருக்கும் தவறு. நம்மைப்போல் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டவர் பாவமில்லாதவராய் இருந்தார் என்றுதானே எபிரெயர் நிருபம் சொல்கிறது?

ஜெபத்தில் வறட்சி என்பது இன்னொரு விஷயம். ஜெபிக்க உட்கார்ந்தும் உள்ளே எதுவும் அசையாவிட்டால் அது வறட்சி. தேர்ந்த பக்தர்கள் பலரும் அதை ஆண்டுக்கணக்கில் அனுபவித்திருக்கிறார்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. உங்களுடையது வறட்சிதானா என்று எனக்குச் சந்தேகம். வறட்சியை உணர்வதற்கு முதலில் உட்கார வேண்டும். நீங்கள் உட்காரவே இல்லை. கடுமையாகச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வியாதி எதுவென்று தெரிந்தால்தான் மருந்து தேட முடியும்.

சாத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரி ஒருவன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாக்கோபு தன் நிருபத்தில் இந்த விஷயத்தைப் பேசும்போது முதலில் கைகாட்டுவது நம்மைத்தான்: அவனவன் ‘தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு’ சோதிக்கப்படுகிறான். இரவு ஒரு மணிவரை அடுத்த காணொளியைத் தட்டியது உங்கள் விரல். அதைத் தாக்குதல் என்று சொல்லிவிட்டால் விரலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

கணவர் விஷயத்திலும் இதையே சொல்கிறேன். அவர் சொன்ன தொனி புண்படுத்தியிருக்கலாம். சொன்ன செய்தியோ, நான்கு பக்கத்தில் நீங்களே எனக்கு எழுதியிருப்பதுதான். வீட்டில் ஒருவர் உண்மையைக் கொஞ்சம் கரகரப்பாகச் சொன்னதற்காக அவரை எதிரியின் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. ‘நீங்கள் சொன்னது சரிதான்’ என்று ஒரு முறை அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேலி பெரும்பாலும் அங்கேயே ஓய்ந்துவிடும்.

நல்லதின் உடையில்

குடி, களவு, விபச்சாரம் என்று வாசலில் நின்று கதவைத் தட்டுகிற சோதனைகளை உங்களைப் போன்றவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஆகவே அவை உங்களிடம் வருவதில்லை. பக்தியைக் கைவிடச் சொல்லாமல், பக்திக்குப் பதிலாகப் பக்திபோலவே இருக்கும் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது வேறு ரகம். ஜெபத்தின் இடத்தில் ஜெபக் குழு வந்து உட்காரும். தியானத்தின் இடத்தில் பிரசங்கக் காணொளி. மன்றாட்டின் இடத்தில் கைகூப்பும் சின்னம். ஒவ்வொன்றும் நல்லதுதான் என்பதால் காவல்காரன் வழிவிட்டுவிடுகிறான்.

இது கைப்பேசி கொண்டுவந்த புது நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்பவர், மனிதனைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பின்னாளில் பேசப்பட்ட ஏழு தலையான பாவங்களுக்கு மூலம் இந்தப் பட்டியல்தான். அந்த எட்டில் ஒன்றான சோர்வை அவர் ‘மத்தியானப் பிசாசு’ என்று அழைத்தார். காலை முழுதும் ஜெபித்துவிட்ட துறவிக்கு நடுப்பகலில் அது வருமாம். சூரியன் நகர மறுப்பதுபோல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல் இருக்கும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இங்கும் அங்கும் பார்ப்பார். மணிக்கு நாலு முறை கைப்பேசியைத் திருப்பிப் பார்க்கும் நமக்கு அந்த மனிதரை நன்றாகவே தெரியும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் 91ஆம் சங்கீதத்திலிருந்து. நம் வேதாகமத்தில் ‘மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்’ என்று வருவதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு மத்தியானப் பிசாசு என்று தருகிறது. ஆறாம் வசனம். படத்துக்குச் சரிவராது என்று உங்கள் விரல் தாண்டிப்போன அதே வசனம். நான் இதில் அற்புதம் எதையும் காணவில்லை. ஆனால் கடிதத்தை வாசித்தபோது நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எவாக்ரியுசின் போதனையை மேற்குக்குக் கொண்டுசென்ற காசியன் என்ற துறவி இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். தன் அறையில் இருப்புக்கொள்ளாத துறவியை இந்தச் சோர்வு ஊர்சுற்ற அழைப்பதில்லை. ‘பாவம், அந்த நோயாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வா, ஆதரவற்ற அந்த அம்மாளுக்கு உதவி செய்’ என்றுதான் சொல்லுமாம். நோயாளியைப் பார்ப்பது தவறா? இல்லை. தன் அறையிலிருந்து தப்பி ஓடுவதற்கு நோயாளியைப் பயன்படுத்துவதுதான் சிக்கல். உங்கள் 5.30 மணிப் படமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அறுபது பேருக்கு அது நன்மை செய்திருக்கும். உங்களுக்கு அது கதவு. வெளியே போகும் கதவு.

இரவுக் காணொளிகளைப் பற்றியும் ஒரு பழைய கதை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் மனம் திரும்பிய தொடக்கத்தில், மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, படுக்கப் போகும் நேரம் பார்த்து அவருக்கு அருமையான ஆன்மீக வெளிச்சங்கள் உண்டாகுமாம். தூங்குவதற்கு ஒதுக்கிய கொஞ்ச நேரமும் அதில் கரைந்துவிடும். ஜெபிப்பதற்குத்தான் நாள் முழுதும் இருக்கிறதே, இது ஏன் சரியாகத் தூக்கத்தில் கைவைக்கிறது என்று யோசித்தார், நல்ல ஆவியிலிருந்து வந்ததாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார், ஒதுக்கிவிட்டுத் தூங்கினார். பிறகு முப்பது வயதைத் தாண்டி பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தபோதும் அதுவே நடந்தது. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் புதுப் புது ஆன்மீகச் சுவை ஊறும். ஜெபத்திலோ திருப்பலியிலோ அப்படி ஊறாது. இதுவும் சோதனைதான் என்று கண்டுகொண்டு, ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், இனி இரண்டு வருடம் பாடத்தைத் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் பார்த்தது எண்ணம் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்பதை மட்டுமல்ல. அது எந்த நேரத்தில் வருகிறது, போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும்.

உங்கள் காணொளிகளிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். போதகம் நன்றாகத்தான் இருக்கும். அது உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போவது தூக்கத்தை. தூக்கத்தோடு சேர்ந்து காலையும் போய்விடுகிறது.

வேதத்தை வசனம் வசனமாக நறுக்குவதைப் பற்றிப் போகிறபோக்கில் ஒன்று. வனாந்தரத்தில் பிசாசு இயேசுவுக்கு மேற்கோள் காட்டியதும் இதே சங்கீதத்தின் இதே பதினோராம் வசனம்தான். அதிலும் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்களை விட்டுவிட்டுச் சொன்னான். வசனப் படம் போடுகிறவர்கள் யாரையும் அவனோடு ஒப்பிடவில்லை. துண்டு அழகாக இருப்பதாலேயே முழுதையும் வாசித்ததாக ஆகிவிடாது என்பதற்காகச் சொன்னேன்.

உபவாசம் வேண்டாம்

இதில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 40 நாள் உபவாசத்தைத் தொடங்காதீர்கள்.

முதல் காரணம் மருத்துவம். சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில, சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று தொடங்கி மயக்கம்வரை போகலாம். அதற்கென்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அப்படி நிறுத்துவதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்க வேண்டாம். ஒரு வேளை உணவை விடுவதாக இருந்தால்கூட உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

இரண்டாவது காரணம் இந்தக் கடிதத்தோடு நெருங்கியது. பதினைந்து நிமிடம் தனியாக உட்கார முடியாதவர் நாற்பது நாளைக் குறிவைப்பது ஏன்? பதினைந்து நிமிடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாற்பது நாளுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. முடிந்ததும் சாட்சி சொல்லலாம். வீண்பெருமையைப் பற்றி எழுதும்போது காசியன், மூத்த துறவிகள் அதை வெங்காயத்தோடு ஒப்பிட்டதாகச் சொல்கிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். பகட்டாக உடுத்தினால் அதில் பெருமை வரும். கந்தல் உடுத்தினால் அதிலும் வரும். நீங்கள் இப்போது கையில் எடுத்திருப்பது வெங்காயத்தின் அடுத்த தோல்.

எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவருடைய நாற்பது நாள் நடை அந்த இரண்டாவது சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது.

ஊழியத்தை விடலாமா?

உங்கள்முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படியே தொடரலாம், எல்லாவற்றையும் விட்டுவிடலாம், சிலதை மட்டும் இறக்கி வைக்கலாம்.

இப்படியே தொடர்ந்தால் வெளித்தோற்றத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் இடையிலான தூரம் வளரும். அந்தத் தூரத்தை நிரப்பச் சின்னச் சின்னப் பொய்கள் தேவைப்படும். ‘ஜெபித்துவிட்டேன்’ அவற்றில் முதலாவது.

எல்லாவற்றையும் விடுவதாகக் குழுவில் அறிவித்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் நாற்பது பதில்கள் வரும். ‘நீங்கள் இல்லாமல் எப்படி’, ‘உங்கள் தாழ்மை எங்களுக்குப் பாடம்’. அறிவிப்பைத் தட்டச்சு செய்யும்போதே அந்தப் பதில்கள் மனதில் ஓடினவா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மேலும், உள்ளம் இருண்டிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இஞ்ஞாசியார் சொல்லியிருக்கிறார். கடுமையான சோர்வில் இருப்பவர்களிடம் வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடச் சொல்வது இன்றைய ஆலோசகர்களுக்கும் வழக்கம்தான்.

ஆகவே மூன்றாவது வழி. தினசரி வசனப் படத்தையும் குழுப் பொறுப்பையும் மூன்று மாதத்துக்கு இன்னொருவரிடம் கொடுங்கள். போதகரிடம் தனியாக, தேதி குறிப்பிட்டுச் சொல்லுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இது நீங்களாக விரும்பிச் செய்கிற பணி, ஓய்வு கேட்பது உங்கள் உரிமை. ‘உங்களைவிட்டால் ஆளில்லை’ என்று சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். குழுவுக்கு ஒரு வரி போதும்: ‘இனி இன்னார் அனுப்புவார்.’

ஞாயிறு பள்ளியை விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதப்பட்ட ஒரே பத்தி அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் உங்களை ஜெப வீராங்கனை என்று நினைக்கவில்லை. கதை சொல்லும் டீச்சர் என்றுதான் நினைக்கிறார்கள்.

எபிரெயர் 12ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ‘பாரமான யாவற்றையும், நம்மைச் சுற்றி நெருங்கிநிற்கிற பாவத்தையும்’ தள்ளிவிடச் சொல்லியிருக்கிறது. பாரமும் பாவமும் தமிழில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் நிருபம் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. வசனப் படம் பாவமில்லை, பாரம். இறக்கி வைத்தால் போதும்; அதற்காக மனஸ்தாபப்பட்டு அழ வேண்டியதில்லை. அழ வேண்டியது வேறொன்றுக்கு.

தினமும் என்ன செய்வது

மிகச் சிறியதாகச் செய்யுங்கள். காணொளிக்கு இரவு பத்து மணியோடு முற்றுப்புள்ளி. கைப்பேசி வேறு அறையில் தூங்கட்டும். எழுப்பிவிட ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பதினைந்து நிமிடம், அச்சிட்ட வேதாகமம், ஒரு சங்கீதம் முழுதாக. அதிலிருந்து எதையும் யாருக்கும் அனுப்பக் கூடாது, அன்று மட்டுமல்ல, மூன்று மாதத்துக்கு. ‘உன் கதவைப் பூட்டி’ என்று ஆண்டவர் சொன்னதில் இந்தக் கதவும் அடங்கும். ஒன்றுமே தோன்றாத நாளில் எழுந்து போய்விடாமல் பதினாறாவது நிமிடமும் உட்காருங்கள். வறண்ட நாளில் குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகம் இருக்கச் சொல்வதும் இஞ்ஞாசியாரின் பழக்கம்தான்.

‘ஜெபித்துவிட்டேன்’ விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை. ஒருமுறை மருத்துவமனை நடைபாதையில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்காக ஜெபித்தீர்களா ஐயா?’ என்று கேட்டார். முந்திய வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். தலையசைத்துவிட்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்றும் எனக்குக் குத்துகிறது. அன்றிலிருந்து கேட்ட இடத்திலேயே, நின்றபடியே, இரண்டு வாக்கியம் ஜெபித்துவிட்டுத்தான் நகர்கிறேன். நீங்களும் செய்தி வந்ததும் அரை நிமிடம் ஜெபித்துவிட்டுப் பதில் போடுங்கள். முடியாவிட்டால் ‘பார்த்தேன்’ என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் மட்டுமின்றி, முன்பு பிடித்த எதிலுமே நாட்டமில்லாமை, காரணமில்லாத அழுகை, பசியிலும் தூக்கத்திலும் மாற்றம், எதிர்காலமே இல்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை. இருந்தாலும் ஒரு கடிதத்தை வைத்து யாரும் நோயை முடிவு செய்துவிட முடியாது.

அந்த மூன்று வரி

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

‘பெயர் சொல்லவில்லை’ என்கிறீர்கள். அறுபது பேர் உள்ள ஒரு சபைக் குழுவில் வயதையும் சூழ்நிலையையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு? ‘நல்லெண்ணத்தோடு’ என்கிறீர்கள். நல்லெண்ணம் இருந்ததை நம்புகிறேன். அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்ததை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அந்தச் சின்ன மகிழ்ச்சி ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற மகிழ்ச்சியாக இருக்கலாம். என்னைத் தேடி வந்துதான் சொல்கிறார்கள் என்பதாக இருக்கலாம். என் குடும்பம் அப்படி இல்லை என்ற ஆறுதலாகவும் இருக்கலாம். தேவாலயத்தில் நின்று, மற்ற மனுஷரைப்போல நான் இல்லை என்று நன்றி சொன்ன பரிசேயனும் ஜெபம்தான் செய்துகொண்டிருந்தான். எது என்று உங்களுக்குத்தான் தெரியும். மூன்றும் கலந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

‘ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்’ என்கிறது நீதிமொழிகள். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் புறங்கூறுவது நம் சபைகளில் மிகவும் மரியாதையாக உலவுகிற பாவம். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. போதகரிடம்கூட இல்லை. விதிவிலக்கு, யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்தால்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். அந்தக் குழுவில் அவளுடைய கணவரோ கணவர் வீட்டாரோ இருக்கிறார்களா? அவள் சொன்ன சிக்கலில் அடி, மிரட்டல் போன்றவை இருந்தனவா? இருந்திருந்தால் உங்கள் செய்தி அவளை வெட்கப்படுத்தியதோடு நிற்காமல் ஆபத்திலும் தள்ளியிருக்கக்கூடும். அப்படியானால் மன்னிப்பு இரண்டாவது. அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று அறிவதும், சட்ட உதவியோ தங்குமிடமோ தேவைப்பட்டால் அவள் கேட்கிற விதத்தில் துணை நிற்பதும் முதலாவது. செய்தி அனுப்பினால் அவள் கைப்பேசியை வேறு யாரும் பார்ப்பார்களா என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

பிறகு மன்னிப்பு. குழுவில் கேட்காதீர்கள், ஆறிய பேச்சு மறுபடியும் கிளம்பும். வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அவளால் கதவைச் சாத்த முடியாமல் போகும். அவளுக்கு மட்டும், சுருக்கமாக எழுதுங்கள். “நீ என்னை நம்பிச் சொன்னதை உன்னைக் கேட்காமல் குழுவில் போட்டேன். அது தவறு. உன்னைப் புண்படுத்திவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.” இவ்வளவுதான். ‘ஜெபத்துக்காகத்தான்’ என்று ஒரு சொல் சேர்ந்தாலும் மொத்தமும் கெட்டுப்போகும். ‘சபைக்குத் திரும்பி வா’ என்றும் எழுத வேண்டாம். அது உங்கள் மனதை ஆற்றிக்கொள்வதற்கான வேண்டுகோள். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அவள் மன்னிக்காமல் இருக்கலாம், பதிலே போடாமல் இருக்கலாம். அந்த உரிமை அவளுக்கு உண்டு. குழுவில் யாராவது பிற்பாடு அவளைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, நாம் பேச வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்துங்கள். உங்கள் பெயர் அதில் கொஞ்சம் கெடும். கெடட்டும்.

இதைக் காலைப் பதினைந்து நிமிடத்துக்கும் முன்பே செய்யச் சொல்கிறேன். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, விருப்பமிருந்தால், எனக்கு எழுதுங்கள். அனல் திரும்பியதா என்று எழுத வேண்டாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தச் செய்தியை அனுப்பினீர்களா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், 91ஆம் சங்கீதத்தைப் பதினாறாம் வசனம்வரை வாசித்தீர்களா என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும்.